இல்லை, காணோம்

எங்கள் வீட்டில் அம்மா இரண்டு சொற்களை ஒருநாளும் கலந்து பேசியதில்லை. அரிவாள்மனையைக் காணோம் என்றால் வீடே தேட வேண்டும். அது இருந்தது, யாரோ எடுத்து எங்கோ வைத்துவிட்டார்கள். முறுக்கு உழக்கு இல்லை என்றால் தேடிப் பயனில்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்ப வேண்டும். இரண்டு சமயத்திலும் அலமாரியில் இருப்பது ஒரே வெற்றிடம்தான். அந்த வெற்றிடத்தைப் பார்த்து எந்தச் சொல்லைச் சொல்வது என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அந்த வீட்டில் என்னென்ன இருந்தன என்பது அவளுக்குத் தெரியும். சில மாதங்களாக ஒரு படம் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. கொதிக்கும் கடல்நீரில் வாழும், ஆர்க்கியா என்ற நுண்ணுயிர் வகையைச் சேர்ந்த இரண்டு உயிரிகளின் ஜீனோம்களை, அதாவது முழு மரபெழுத்து வரிசைகளை, மேலொன்றும் கீழொன்றுமாகப் பட்டைகளாக வரைந்து, ஒத்துப்போகிற மரபணுக்களைச் சாம்பல் நிறக் கோடுகளால் இணைத்திருந்த படம் அது. கோடுகள் நெருக்கமாக, மழைக்கம்பிகள்போல இறங்கிக்கொண்டே போகின்றன. திடீரென ஓரிடத்தில் மேல்பட்டையில் பத்துப் பன்னிரண்டு மரபணுக்கள் கொத்தாக நிற்கின்றன; அவற்றிலிருந்து ஒரு கோடுகூடக் கீழே இறங்கவில்லை. அந்த இடம் வெள்ளை. படத்துக்குப் பக்கத்தில் இருந்த அட்டவணையில் அந்த வெள்ளைக்கு நேராக ஒரு பூஜ்யம் போட்டிருந்தார்கள். பூஜ்யம் இல்லை என்கிறதா, காணோம் என்கிறதா? படத்தை மூடி வைத்த பிறகும் கேள்வி மூடவில்லை.

உயிரிகளைச் சொல்லிவிடுகிறேன். சிசிலிக்கு வடக்கே வுல்கானோ என்றொரு சிறு தீவு. எரிமலைக்கு ஐரோப்பிய மொழிகள் வைத்திருக்கும் பெயரே இந்தத் தீவிலிருந்து போனதுதான். கடைசியாக அது வெடித்து ஓய்ந்தது 1890இல். இப்போதும் அதன் கரையோரத்தில் கடல் குமிழியிடுகிறது, மணலுக்கடியில் கை வைக்க முடியாத சூடு, காற்றில் கந்தகத்தின் அழுகிய முட்டை வாடை. அந்தச் சூட்டு வண்டலிலிருந்து ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க்கைச் சேர்ந்த கார்ல் ஸ்டெட்டரும் ஃபியாலாவும் பிரித்தெடுத்து 1986இல் அறிவித்த உயிரிதான் பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ். ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவுள்ள உருண்டை, ஒரு பக்கத்தில் குடுமிபோல இழைகள். நூறு டிகிரியில்தான் அது செழிக்கிறது; நாம் கிருமி சாக வேண்டும் என்று நீரைக் கொதிக்க வைக்கும் அந்த வெப்பத்தில் 37 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகிறது. அதன் உறவுக்காரர்கள் ஆழ்கடலில் இருக்கிறார்கள். ஜப்பானின் ஒகினாவா அகழியில் 1395 மீட்டர் ஆழத்து வெந்நீர்த் துளையிலிருந்து வந்தது பைரோகாக்கஸ் ஹொரிகோஷி. வடக்கு ஃபிஜி வடிநிலத்தில் ஏறத்தாழ 2000 மீட்டர் ஆழத்திலிருந்து வந்தது பைரோகாக்கஸ் அபிசி. மூன்றின் ஜீனோம்களும் 1998க்கும் 2003க்கும் இடையில் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஹொரிகோஷிக்கு 17,38,505 எழுத்துகள், அபிசிக்கு 17,65,118, வுல்கானோக்காரனுக்கு 19,08,256. ஆழத்தில் இருக்கிற ஹொரிகோஷியைவிடக் கரையோரத்தில் இருக்கிறவனிடம் ஒரு லட்சத்து எழுபதாயிரம் எழுத்து அளவுக்கு அதிகம். படத்தில் மேலே இருப்பது அவன், கீழே இருப்பது ஹொரிகோஷி; வெள்ளைகளில் பல இந்தக் கணக்கில் அடங்கும். அதிகம் என்று நான் எழுதியதிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. இவனுக்குக் கூடியதா, அவனுக்குக் குறைந்ததா?

முதல் வெள்ளையை எடுத்துக்கொள்கிறேன். டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைச் சமைக்கும் மரபணுக்கள் ஃப்யூரியோசஸில் ஒரு கொத்தாக, ஒரே ஏவலில் எல்லாம் வேலைக்கு வருகிற மாதிரி, அடுத்தடுத்து நிற்கின்றன. ஹொரிகோஷியில் அந்தக் கொத்தே கிடையாது. அது வெறும் ஏட்டு வித்தியாசம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஹொரிகோஷியை வளர்க்க வேண்டுமானால் டிரிப்டோபானை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் வளராது. புரதத் துணுக்குகளைத் தின்று வாழும் உயிரிக்குத் தின்பதிலேயே டிரிப்டோபான் கிடைத்துவிடுகிறது. சமைக்கும் அடுப்பை வைத்திருப்பது வீண் சுமையாகியிருக்கலாம். இந்த இடத்தில் காணோம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவது போதாது, மூன்றாவது ஆளைக் கேட்க வேண்டும். ககோஷிமா பகுதியிலுள்ள கொடகாரா தீவிலிருந்து பிரித்தெடுத்த தெர்மோகாக்கஸ் கொடகரென்சிஸ், பைரோகாக்கஸுக்குப் பங்காளி முறை. வேறு பேரினம், ஆனால் ஒரே குடும்பம். அதன் ஜீனோம் 2005இல் வெளியானது. அதனிடம் டிரிப்டோபான் கொத்து இருக்கிறது. பங்காளி வீட்டிலும் இருக்கிறது, அண்ணன் வீட்டிலும் இருக்கிறது, தம்பி வீட்டில் மட்டும் கிடையாது என்றால், தாத்தா காலத்துப் பொருளைத் தம்பி தொலைத்திருக்கிறான் என்பதுதான் எளிய முடிவு. இந்த இடத்தில் என்னைச் சற்று நேரம் நிறுத்தி வைத்த ஒரு செய்தி உண்டு. கொடகரென்சிஸில் மரபணுக்களை மாற்றிப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஜப்பானிய ஆய்வாளர்கள், டிரிப்டோபான் மரபணுக்களில் ஒன்றை வேண்டுமென்றே நீக்கிய ரகத்தை உண்டாக்கினார்கள். டிரிப்டோபான் கொடுத்தால் மட்டும் வளரும் அந்த ரகம் அவர்களுக்கு ஒரு கருவி. அங்கே உள்ள வெற்றிடம் சந்தேகமற்ற காணோம். யாரோ ஒருவர் தன் குறிப்பேட்டில் தேதியோடு எழுதிவைத்த காணோம். ஆனால் குறிப்பேடு தொலைந்து, ரகம் மட்டும் ஒரு குப்பியில் மிஞ்சி, இருநூறு வருஷம் கழித்து ஒருவர் அதன் எழுத்துகளைப் படித்தால், மனிதக் கை செய்ததை அவர் எதைக்கொண்டு அறிவார்?

இரண்டாவது வெள்ளை முதல் வெள்ளையைப் போலவேதான் இருக்கிறது. அதே அகலம் இல்லாவிட்டாலும் அதே நிறம். ஃப்யூரியோசஸில் சுமார் 16,000 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு; மால்ட்டோஸ், டிரெஹலோஸ் என்ற இரண்டு சர்க்கரைகளை வெளியிலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் கருவிகள் அதில் இருக்கின்றன. சர்க்கரையைப் பற்றும் புரதம் ஒன்று, சவ்வில் வழிவிடும் புரதங்கள் இரண்டு, இழுக்கச் சக்தி கொடுக்கும் புரதம் ஒன்று, எப்போது திறக்கலாம் எப்போது மூடலாம் என்று பார்த்துக்கொள்ளும் காவல் புரதம் ஒன்று. ஹொரிகோஷியில் இந்தத் துண்டு கிடையாது, அபிசியிலும் கிடையாது. முதல் வெள்ளையில் கற்ற பாடத்தை இங்கே போட்டால், இரண்டு தம்பிகளும் தொலைத்துவிட்டார்கள் என்று எழுதிவிடலாம். ஆனால் நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் லுக்ரினோ என்ற இடத்தின் ஆழமற்ற வெந்நீர் ஊற்றுகளிலிருந்து எடுத்த தெர்மோகாக்கஸ் லிட்டோராலிஸ் என்ற உயிரியில் இதே துண்டு இருக்கிறது. இருப்பது பெரிதில்லை, ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறது. இவை இரண்டும் வெவ்வேறு பேரினம். மற்ற மரபணுக்களை எடுத்து ஒப்பிட்டால் பிரிந்து வெகுகாலம் ஆன பங்காளிகளின் வேறுபாடு தெரிகிறது. இந்த ஒரு துண்டில் மட்டும் நேற்றுப் படியெடுத்தது போன்ற ஒற்றுமை. போதாததற்கு ஃப்யூரியோசஸில் இந்தத் துண்டின் ஓரங்களில் தாவும் துண்டுகள் நிற்கின்றன; ஜீனோமுக்குள் ஓரிடத்தை விட்டு இன்னோரிடத்துக்குத் தங்களையே வெட்டி ஒட்டிக்கொள்கிறவை. ஜோஸ்லின் டிரூஜியரோவும் உடனாய்வாளர்களும் 2000இல் இதை எழுதினார்கள்: மிக அண்மையில், அதாவது பரிணாமக் கணக்கில் அண்மையில், ஒரு வெப்ப உயிரியிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிய சரக்கு இது. ஆக, தம்பிகளின் வீட்டில் உள்ள இந்த வெற்றிடத்துக்கு இல்லை என்றுதான் பெயர். அண்ணன்தான் அடுத்த வீட்டு உழக்கை வாங்கிவந்து திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறான். என்னை இதைவிட அதிகமாகத் தொட்டது அந்தக் காவல் புரதம். ஃப்யூரியோசஸில் நீளமான மாவுச்சங்கிலித் துணுக்குகளை இழுக்கும் வேறொரு வாசல் உண்டு. ஜீனோமில் வேறு இடத்தில் இருப்பது. அந்த வாசலின் பூட்டையும் இதே காவல் புரதம்தான் பார்த்துக்கொள்கிறது, வேறு சாவிகளுக்குக் கட்டுப்பட்டு. வெளியிலிருந்து வந்த கொத்தோடு வந்தது, வந்த வீட்டின் இன்னொரு கதவுக்கும் பொறுப்பேற்றிருக்கிறது. வந்தது, பிறந்தது என்று பிரித்துக்காட்டும் கோடு அப்புறம் எங்கே போடுவது? மருமகளாக வந்தவள் நாற்பது வருஷத்தில் அந்த வீட்டின் சாவிக்கொத்தாகவே ஆகிவிடுவதை நாம் பார்த்ததில்லையா?

இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் புல்தைலம் பூசிய ஏட்டுச் சுவடியின் வாசனை எனக்கு வந்துவிடுகிறது. பொருத்தமில்லாத நினைவாக இதை நான் தள்ளவில்லை. பல ஊர்களிலிருந்து வந்த படிகளை அருகருகே விரித்து, ஒன்றில் இருக்கும் பாட்டு இன்னொன்றில் இல்லாதபோது பதிப்பாசிரியர் பட்ட பாடும் இதுவே. இடைச்செருகலா, ஏடு உதிர்ந்ததா? புறநானூறு நானூறு பாட்டு. அதில் 267, 268 நமக்குக் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் போய்விட்டன. போய்விட்டன என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடிவது எதனால்? நூலின் பெயருக்குள்ளேயே எண்ணிக்கை இருப்பதால். பத்துப் பத்து என்று தொகுத்தவன் பெயர் வைத்துவிட்டுப் போனதால், எட்டுப் பத்து கையில் இருக்கும்போது இரண்டைக் காணோம் என்று உலகத்துக்கே தெரிகிறது. மறுபக்கம், கம்பராமாயணத்தில் மிகைப் பாடல்கள் என்று பதிப்பாசிரியர்கள் பிரித்து வைத்தவை இருக்கின்றன. வெள்ளிப் பாடல் என்று ஒரு பெயரே அங்கே வழங்குகிறது. நடையும் சொல்லும் சுற்றியுள்ள பாட்டுகளோடு ஒட்டாமல் நிற்பதைக் காது கண்டுபிடித்துவிடுகிறது. மால்ட்டோஸ் துண்டைக் கண்டுபிடித்த முறையும் அதே காதுதான்: சுற்றியிருப்பவற்றோடு சேராத ஒற்றுமை, ஓரத்தில் தையல் தழும்பு. ஆனால் டிரிப்டோபானுக்கு வரும்போது சுவடி எனக்கு உதவ மறுக்கிறது. செல்லரித்த ஏட்டில் ஓட்டை இருக்கும்; ஓட்டையின் அகலத்தைப் பார்த்து இத்தனை எழுத்து போயிற்று என்று கணக்குப் போடலாம். ஜீனோமில் கொத்து போனால் ஓட்டை இருப்பதில்லை. இந்தப் பக்கத்து அண்டையும் அந்தப் பக்கத்து அண்டையும் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்கின்றன. இதுபோன்ற நுண்ணுயிர்களின் ஜீனோம்களில் மரபணுக்களுக்கு இடையே வெற்று நிலம் மிகக் குறைவு. உபயோகமில்லாததை வைத்துக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. தொலைத்த வீட்டில் தொலைத்த தடமும் தொலைந்துபோகிறது. படத்தில் நாம் பார்க்கிற வெள்ளை ஹொரிகோஷியில் இல்லவே இல்லை. ஃப்யூரியோசஸைப் பக்கத்தில் வைத்ததால் மட்டும் உண்டான வெள்ளை அது. இதை உணர்ந்த அன்றுதான் என் உறுத்தல் கூடியது. ஒரு உயிரியை அதன் குறையால் வருணிக்கிறோம், அந்தக் குறையோ அதற்குள் எங்குமே கிடையாது.

வரிசையும் அப்படித்தான். மூன்று பைரோகாக்கஸ் ஜீனோம்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்தது, துண்டுகள் இடம் மாறி, தலைகீழாகத் திரும்பி, குலைந்து கிடப்பது. கயிறு அறுந்த சுவடியை யாரோ அவசரத்தில் அடுக்கிக் கட்டிய மாதிரி. ஆனால் ஒவ்வொரு ஏட்டுக்குள்ளும் வரிகள் வரிசை மாறாமல் இருக்கின்றன. சேர்ந்து வேலை செய்கிற மரபணுக்கள் எங்கே தூக்கிப் போட்டாலும் சேர்ந்தே போகின்றன. கொத்து என்ற சொல்லின் பொருள் எனக்கு அங்கேதான் சரியாகப் புரிந்தது. டிரிப்டோபானைச் சமைக்கும் வரிசையில் ஒன்று மட்டும் மிஞ்சினால் அதனால் பயனில்லை. ஆகவே வந்தாலும் கூட்டமாக வருகின்றன, போனாலும் கூட்டமாகப் போகின்றன. ஆய்வுக்கூடங்களில் டி.என்.ஏவைப் படியெடுக்க உலகம் முழுதும் பயன்படுத்தும் நொதிகளில் ஒன்று இதே ஃப்யூரியோசஸிடமிருந்து எடுத்தது. எழுத்துப்பிழை மிகக் குறைவாக விடுவதற்குப் பெயர் பெற்றது. எழுத்தில் இத்தனை கவனமுள்ள ஒரு படியெடுப்பாளன் பக்கங்களை மட்டும் இப்படிக் கலைய விடுகிறானே என்பது என்னைத் திகைக்க வைக்கிறது. வெப்பம் ஒரு காரணமாக இருக்கலாம். காமா கதிர் பாய்ச்சி ஃப்யூரியோசஸின் ஜீனோமைத் துண்டுதுண்டாக உடைத்தார்கள், பிறகு 95 டிகிரியில் விட்டுப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் அது துண்டுகளைப் பொருத்தி முழு ஜீனோமாக்கிக்கொண்டது. உடைவதும் ஒட்டுவதும் அன்றாடமாகிவிட்ட வீட்டில் அடுக்கு மாறுவது பெரிய காரியமில்லை. ஆதிகாலம் வரைகூடப் போக வேண்டியதில்லை. ஃப்யூரியோசஸிலேயே மரபணு மாற்றத்துக்கு எளிதில் இணங்கும் ஒரு ஆய்வுக்கூட ரகம் உண்டு. அதன் எழுத்துகளை முழுக்கப் படித்து 2012இல் வெளியிட்டபோது, மூல ரகத்தில் 35 முழுத் தாவும் துண்டுகள் இருந்த இடத்தில் இதில் 45 இருந்தன. பல இடங்களில் அடுக்கு மாறியிருந்தது. குப்பியிலும் ஊடகத்திலுமாக வளர்ந்த சில பத்தாண்டுகளுக்குள், நம் கண்முன்னே. நாம் ஃப்யூரியோசஸின் ஜீனோம் என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒரு நாளில், ஒரு குப்பியில் எடுத்த ஒரு படி.

வந்தவர்களைக் குறித்து வைக்கும் ஒரு பேரேடு இதே ஜீனோமில் இருப்பது ஒருவகை ஆறுதல். கிரிஸ்பர் என்று இன்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கும் வரிசைகள் ஃப்யூரியோசஸில் ஏழு இடங்களில் உள்ளன. படையெடுத்து வந்த வைரஸ் போன்றவற்றின் சிறு துணுக்கு ஒவ்வொன்றையும் நறுக்கி, புதியது ஒரு முனையில் சேர, வரிசையாகக் கோத்து வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பேரேட்டில் பகைவர்களின் பெயர்கள்தான் இருக்கின்றன. மால்ட்டோஸ் கொத்துபோல விருந்தாளியாக வந்து தங்கிவிட்டவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. தொலைந்தவர்களுக்கும் அதில் இடமில்லை.

இன்னொரு வெள்ளையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது உயிரியிடம் இல்லாமல் படித்தவரின் கண்ணில் இருக்கும் வெள்ளை. ஹொரிகோஷியின் ஜீனோம் 1998இல் வந்தபோது அதில் 2,061 மரபணுக்கள் இருக்கக்கூடும் என்று குறித்தார்கள். அதைவிடச் சற்றுப் பெரிய அபிசியின் ஜீனோமுக்கு வேறு கைகள் போட்ட கணக்கு 1,800க்கும் குறைவு. சின்ன வீட்டில் அதிகச் சாமான். ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குமேல் தடையில்லாமல் ஓடும் எழுத்து வரிசை ஒவ்வொன்றையும் மரபணு என்று எண்ணிக்கொண்டால் ஒரு எண் வரும். எச்சரிக்கையாக வடிகட்டினால் வேறு எண் வரும். முதல் பட்டியலை அப்படியே நம்பி இரண்டையும் ஒப்பிடுகிறவருக்கு, அபிசியில் நூற்றுக்கணக்கான மரபணுக்களைக் காணோம் என்று தோன்றும். இருந்தே இராதவற்றுக்காக ஒருவர் துக்கம் காக்க நேரிடும். எல்லா ஒப்பீட்டுக்கும் முன்னால் இரண்டு ஜீனோம்களையும் ஒரே கண்ணால் மறுபடி படிக்க வேண்டும் என்று இத்துறையில் மூத்தவர்கள் சொல்வதன் பொருள் இதுதான். அலுப்பான வேலை, பெயர் கிடைக்காத வேலை. ஆனாலும் மற்ற எல்லாமே அதன்மேல்தான் நிற்கிறது.

கரையோரத்துக்காரனுக்குச் சர்க்கரை கிடைக்கிறது, அதனால் சர்க்கரைக் கொத்து இருக்கிறது. ஆழ்கடல்காரர்களுக்குப் புரதம்தான் உணவு, அதனால் அவர்களிடம் அது கிடையாது என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது, தவறென்றும் சொல்ல மாட்டேன். வுல்கானோவின் கரையில் அலை கொண்டுவரும் பாசியும் சருகும் மாவும் சேர்கின்றன. கடலடியில் அப்படி வருவது குறைவு. ஆனாலும் இந்த விளக்கம் எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்பதே எனக்குப் பயமாக இருக்கிறது. அட்லாண்டிக் நடுமுகட்டில் 4100 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த பைரோகாக்கஸ் யயனோசி, கடலின் அழுத்தம் இல்லாமல் வளரவே வளராது. அதன் ஜீனோம் 2011இல் வந்தபோது, அதில் உள்ளதையும் கிடைக்காததையும் எல்லாம் அழுத்தத்தோடு முடிச்சுப் போட மனம் உடனே தாவியது. இரண்டாயிரம் மரபணுக்கள் உள்ள ஓர் உயிரியில் எந்த வெற்றிடத்துக்கும் ஒரு காரணம் கற்பித்துவிட முடியும். காரணம் கிடைத்த மறுகணம், அது இல்லையா காணோமா என்று கேட்பதை நாம் நிறுத்திவிடுகிறோம். டிரிப்டோபானுக்குக் கொடகாரா தீவின் பங்காளியும், மால்ட்டோஸுக்கு லுக்ரினோ ஊற்றின் அண்டைவீட்டானும் கிடைத்திராவிட்டால் இரண்டு வெள்ளைக்கும் ஒரே கதையை எழுதி முடித்திருப்போம். அந்தக் கதையில் பாதி பொய்யாகியிருக்கும், எந்தப் பாதி என்பதும் தெரிந்திராது. மூன்றாவது ஆள் இன்னும் கிடைக்காத வெள்ளைகள் அந்தப் படத்தில் எத்தனையோ இருக்கின்றன.

இத்தகைய அட்டவணைகளைப் போடுகிற இளைஞர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எல்லா வெற்றிடத்திலும் ஒரே பூஜ்யத்தைப் போடாதீர்கள். தொலைந்தது என்பதற்குச் சான்று இருந்தால் அதற்கொரு குறி வையுங்கள். வந்ததே இல்லை என்பதற்குச் சான்று இருந்தால் வேறொரு குறி. இரண்டுக்கும் சான்று இல்லாத இடத்தை எண் எதுவும் போடாமல் வெறுமையாகவே விட்டுவையுங்கள், அடுத்து வருகிறவர் தேடட்டும்.